ஜேஇஇ மெயின்: மதிப்பெண் குறைந்தவருக்குப் பெர்சன்டைல் கூடுவது எப்படி?

கேள்வி
பதிந்தவர்: பிளஸ் டூ மாணவியின் தந்தை

அனைவருக்கும் வணக்கம். என் மகள் ஜனவரி அமர்வில் ஜேஇஇ மெயின் என்ற பொறியியல் நுழைவுத் தேர்வை எழுதினாள். இறுதி விடைக்குறிப்பு வெளியான அன்று இரவு இருவரும் கணினி முன் உட்கார்ந்து, 75 வினாக்களையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் கூட்டியதில் 300-க்கு 148 மதிப்பெண் வந்தது. முடிவு வந்தபோது மதிப்பெண் அட்டையில் 148 என்ற எண்ணே எங்கும் இல்லை. இயற்பியல் 95.12, வேதியியல் 93.40, கணிதம் 94.06, மொத்தம் 96.84 என்று நான்கு பெர்சன்டைல்கள் மட்டுமே இருந்தன. எளிதாகப் படிப்பதற்காக இரண்டு தசம இடங்களோடு எழுதியிருக்கிறேன். அட்டையில் ஏழு இடங்கள் வரை உள்ளன.

அவளுடைய தோழி மறுநாள் பிற்பகல் ஷிஃப்டில் எழுதினாள். அவள் கூட்டிப் பார்த்தது 139. அவளுக்கு வந்திருக்கும் மொத்தப் பெர்சன்டைல் 97.10. ஒன்பது மதிப்பெண் குறைவாக எடுத்தவருக்குக் கூடுதல் பெர்சன்டைல் கிடைத்தது எப்படி என்று மகள் கேட்கிறாள். அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. தோழியின் வெற்றியில் எங்களுக்கு எந்த மனக்குறையும் இல்லை. கணக்கு புரிய வேண்டும் என்பதே என் விருப்பம்.

இரண்டாவது ஐயம்: மூன்று பாடப் பெர்சன்டைல்களையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 94.19 வருகிறது. ஆனால் மொத்தம் 96.84 என்று போட்டிருக்கிறார்கள். இது பிழையா? முறையிட வேண்டுமா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1
பதிந்தவர்: புள்ளியியல் ஆசிரியை

வணக்கம் ஐயா. உங்கள் மகளின் அட்டையில் பிழை எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. முதல் கேள்வியை இப்போது எடுத்துக்கொள்கிறேன்.

பெர்சன்டைல் என்ற சொல்லைச் சதவீதத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வதில்தான் பெரும்பாலான மனவருத்தங்கள் தொடங்குகின்றன. புள்ளியியலில் இதை நூற்றுமானம் என்போம். 148-ஐ 300-ஆல் வகுத்தால் கிடைக்கும் 49.33 என்பது சதவீதம். அது வினாத்தாளுக்கும் உங்கள் மகளுக்கும் இடையிலான கணக்கு. பெர்சன்டைல் என்பது அவளுக்கும் அவளோடு அதே ஷிஃப்டில் எழுதிய மற்றவர்களுக்கும் இடையிலான கணக்கு. அந்த ஷிஃப்டில் அவள் பெற்ற மதிப்பெண்ணையோ அதற்குக் குறைவாகவோ பெற்றவர்கள் எத்தனை பேர் என்று எண்ணி, அதை அந்த ஷிஃப்டில் தேர்வெழுதிய மொத்தப் பேரால் வகுத்து, 100-ஆல் பெருக்குகிறார்கள். வேறு எந்த ஷிஃப்டில் எழுதியவரும் இந்தக் கணக்குக்குள் வருவதில்லை.

புரிவதற்காக மட்டும் ஒரு கற்பனை எண்ணிக்கையை எடுத்துக்கொள்வோம். இரண்டு ஷிஃப்டிலும் தலா ஒரு லட்சம் பேர் எழுதியதாக வைத்துக்கொண்டால், உங்கள் மகளின் ஷிஃப்டில் 148-உம் அதற்குக் கீழும் எடுத்தவர்கள் அவளையும் சேர்த்து 96,840 பேர், தோழியின் ஷிஃப்டில் 139-உம் அதற்குக் கீழும் எடுத்தவர்கள் 97,100 பேர் என்று பொருள். ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் வினாத்தாள் வேறு; தோழிக்குக் கிடைத்த வினாத்தாள் கடினமாக இருந்திருக்கிறது. அங்கே 139-ஐத் தாண்டியவர்கள் 2,900 பேர்தான். உங்கள் மகளின் தாளில் 148-ஐத் தாண்டியவர்கள் 3,160 பேர். வெறும் மதிப்பெண்ணை வைத்து வரிசைப்படுத்தியிருந்தால், எளிய தாள் கிடைத்தவர்கள் எல்லோரும் காரணமின்றி முன்னால் போயிருப்பார்கள். அந்த அநீதியைத் தவிர்ப்பதற்காகவே இந்தச் சமன்படுத்தும் முறை, அதாவது நார்மலைசேஷன், 2019-இல் தேசியத் தேர்வு முகமை இந்தத் தேர்வை ஏற்று நடத்தத் தொடங்கியது முதல் நடைமுறையில் இருக்கிறது.

ஒவ்வொரு ஷிஃப்டிலும் முதலிடம் பெற்றவருக்கு, அவருடைய மதிப்பெண் 300 ஆனாலும் 285 ஆனாலும், மொத்தப் பெர்சன்டைல் சரியாக 100 என்றே வரும். ஏனெனில் அவரையும் சேர்த்து எல்லோருமே 'சமமாகவோ குறைவாகவோ' பெற்றவர்கள்தான். ஏழு தசம இடங்கள் வரை போவதற்கும் காரணம் உண்டு. லட்சக்கணக்கானவர்களை ஒரே வரிசையில் நிறுத்தும்போது இரண்டு இடங்களோடு நிறுத்திவிட்டால் ஒரே எண்ணில் நூற்றுக்கும் மேற்பட்டோர் குவிந்துவிடுவார்கள்.

இந்த முறை ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எந்த ஷிஃப்டில் யார் எழுதுவது என்பதைக் கணினி தற்செயலாகப் பிரிப்பதால், எல்லா ஷிஃப்டுகளிலும் திறமையானவர்களும் நடுத்தரமானவர்களும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் கலந்திருப்பார்கள் என்பதே அந்த நம்பிக்கை. ஒரு ஷிஃப்டில் பல்லாயிரம் பேர் இருக்கும்போது இது பெருமளவு உண்மையாகவே இருக்கும். எண்ணிக்கை சிறிதாகும் இடத்தில் அது தளரும். எனவே இது குறையே இல்லாத முறை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வெவ்வேறு தாள் எழுதியவர்களை ஒரே பட்டியலில் கொண்டுவர இதைவிட எளிமையாக விளக்கக்கூடிய வழி எனக்குத் தெரிந்து இல்லை.

பதில் 2
பதிந்தவர்: மாணவியின் தந்தை

மிக்க நன்றி அம்மா. 'அவளோடு எழுதியவர்களுக்கும் இடையிலான கணக்கு' என்ற வரியை மகளுக்குப் படித்துக் காட்டினேன், உடனே பிடித்துக்கொண்டாள். சராசரி பற்றிய ஐயம் இன்னும் இருக்கிறது. மேலும், 96.84-க்கும் 97.10-க்கும் இடையில் கால் புள்ளிதானே வேறுபாடு. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டுமா?

பதில் 3
பதிந்தவர்: புள்ளியியல் ஆசிரியை

சராசரியைப் பொறுத்தவரை, பெர்சன்டைல்களைக் கூட்டவும் கூடாது, வகுக்கவும் கூடாது. மொத்தப் பெர்சன்டைல் தனியாக, மூன்று பாடங்களின் கூட்டு மதிப்பெண்ணை எடுத்துக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து கணக்கிடப்படுவது. என் வகுப்பில் இதை ஐந்து பேரை வைத்து விளக்குவது வழக்கம்.

மூன்று பாடம், ஒவ்வொன்றுக்கும் நூறு மதிப்பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாணவன் கணிதத்தில் 90, மற்ற இரண்டிலும் 30. இரண்டாமவன் இயற்பியலில் 90, மற்றவற்றில் 30. மூன்றாமவன் வேதியியலில் 90, மற்றவற்றில் 30. நான்காமவனுக்கு மூன்றிலும் 20. ஐந்தாவதாக ஒரு மாணவி மூன்றிலும் 80. எந்தப் பாடத்தை எடுத்தாலும் அவள் இரண்டாமிடம்தான். ஐவரில் அவளையும் சேர்த்து நால்வர் 80-உம் அதற்குக் கீழும் என்பதால் ஒவ்வொரு பாடத்திலும் அவளுடைய பெர்சன்டைல் 80. ஆனால் மொத்தத்தில் அவளுக்கு 240, முதல் மூவருக்கும் தலா 150, நான்காமவனுக்கு 60. ஆகவே அவளே முதலிடம், பெர்சன்டைல் 100. சராசரி 80, மொத்தம் 100. இரண்டும் சரியான எண்களே.

உங்கள் மகளின் அட்டையிலும் நடந்திருப்பது இதுவே. கணிதத்தில் அவளை முந்தியவர்களும் வேதியியலில் முந்தியவர்களும் பெரும்பாலும் வெவ்வேறு ஆட்கள். மூன்றிலும் ஒருசேர அவளை முந்தியவர்கள் குறைவு. மூன்று பாடத்தையும் சமமாகக் கொண்டுசென்றவர்களுக்கு மொத்தம் இப்படி உயர்ந்து நிற்கும். வரிசையின் கீழ்ப்பகுதியில் இருப்பவர்களுக்கு இதே காரணத்தால் மொத்தம் சராசரியைவிடத் தாழ்ந்து வருவதும் உண்டு. முறையிட வேண்டிய தேவை இல்லை.

கால் புள்ளி விஷயத்தில் மட்டும் உங்களோடு உடன்பட முடியவில்லை. அண்மை ஆண்டுகளில் இரண்டு அமர்வுகளிலும் சேர்த்து எழுதுவோர் சுமார் 14, 15 லட்சம் பேர். 15 லட்சம் என்று கொண்டால், 100-லிருந்து பெர்சன்டைலைக் கழித்து வருவதைப் பேர் எண்ணிக்கையால் பெருக்கி நூறால் வகுத்தால் ரேங்க் தோராயமாகத் தெரிந்துவிடும். 96.84-க்கு ஏறக்குறைய 47,400. 97.10-க்கு 43,500. நீங்கள் கால் புள்ளி என்று சொல்வதற்குள் கிட்டத்தட்ட 3,900 பேர் நிற்கிறார்கள். மேலே போனாலும் சிறு புள்ளி வேறுபாட்டுக்குள் பலர் நிற்பார்கள்: 99 என்பது சுமார் 15,000-ஆவது இடம், 99.9 என்பது சுமார் 1,500-ஆவது இடம். அந்த உயரத்தில் ஒரே ஒரு வினா பல நூறு இடங்களை மாற்றிவிடும்.

பதில் 4
பதிந்தவர்: முன்பு இதே தேர்வை எழுதிய மாணவர்

ஐயா, பெர்சன்டைலைப் பற்றி அம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார். அந்த 148 சரிதானா என்பதை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள் என்பதற்காக எழுதுகிறேன். நானும் என் அண்ணனும் வீட்டில் கணக்கிட்டபோது முதலில் 17 மதிப்பெண் தவறாக வந்தது.

விடைத்தாள் பதிவில் ஒவ்வொரு வினாவுக்கும் ஒரு நீளமான அடையாள எண் இருக்கும். அதன் கீழே நான்கு விடைகளுக்கும் தனித்தனி அடையாள எண்கள் இருக்கும். நாம் தேர்ந்தெடுத்தது 1, 2, 3, 4 என்று ஒற்றை இலக்கத்தில் இருக்கும். வினாக்களும் விடைகளும் ஒவ்வொருவர் திரையிலும் இடம் மாறி வருவதால், நண்பரின் தாளில் மூன்றாவதாக இருந்த விடை நம் தாளில் முதலாவதாக இருக்கலாம். ஆகவே நாம் தேர்ந்தெடுத்த இலக்கத்துக்கு நேரான அடையாள எண்ணைக் கண்டுபிடித்து, அதை விடைக்குறிப்பில் உள்ள எண்ணோடு கடைசி இலக்கம் வரை ஒப்பிட வேண்டும். நாங்கள் அதைச் செய்யாமல், பயிற்சி மையம் ஒன்று வெளியிட்ட 'மூன்றாவது விடை சரி' என்பது போன்ற பட்டியலை நம்பிக் கூட்டினோம். அதனால் வந்த தவறு அது.

சரியான விடைக்கு 4, தவறான விடைக்குக் கழித்தல் 1, எழுதாததற்குப் பூஜ்யம். 2025 முதல் ஒவ்வொரு பாடத்திலும் 20 கொள்குறி வினாக்களும், விடையை எண்ணாகத் தட்டச்சு செய்யும் 5 வினாக்களும் இருக்கின்றன. இந்த ஐந்துக்கும் நெகட்டிவ் மதிப்பெண் உண்டு. மறுபார்வைக்கு என்று குறியிட்டு, கூடவே விடையையும் பதிந்திருந்தால் அதுவும் மதிப்பீட்டில் சேரும். விடை பதியாமல் குறி மட்டும் இட்டிருந்தால் சேராது.

கைவிடப்பட்ட வினா இருக்கிறதா என்றும் பாருங்கள். வினாவே தவறு என்று முடிவானால் அந்த ஷிஃப்டில் எழுதிய எல்லோருக்கும் 4 மதிப்பெண் தருவார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் உத்தேச விடைக்குறிப்பின்படி ஏற்கெனவே அந்த 4 மதிப்பெண்ணை வைத்திருந்தவருக்கு அதனால் ஒன்றும் கூடுவதில்லை, கழித்தல் 1 வாங்கியவருக்கோ ஐந்து மதிப்பெண் ஏறிவிடுகிறது. மதிப்பெண் அப்படியே இருந்தும் பெர்சன்டைல் சற்று இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று. தெரியாத கொள்குறி வினாவில் நான்கில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தட்டினால், நீண்டகாலச் சராசரியில் ஒரு வினாவுக்குக் கால் மதிப்பெண்தான் மிஞ்சும். அதற்காகத் துணிவது வீண். இரண்டு விடைகளை உறுதியாக நீக்க முடிந்தால் அது ஒன்றரை மதிப்பெண் ஆகிறது. அங்கே விட்டுவிடுவதுதான் இழப்பு. எண் விடை வினாவில் ஊகித்து எழுதுவது ஏறக்குறைய எப்போதும் கழித்தல் ஒன்றில்தான் முடியும். அடுத்த அமர்வுக்குத் தயாராகும் உங்கள் மகளுக்கு இந்த வேறுபாடு பயன்படும்.

பதில் 5
பதிந்தவர்: ஓய்வுபெற்ற முதுநிலை கணித ஆசிரியர்

நல்ல விவாதம். பெர்சன்டைல் என்ற ஒரே சொல் வெவ்வேறு தேர்வுகளில் வெவ்வேறு வேலை செய்கிறது. நம் பெற்றோர்கள் தடுமாறுவது அங்கேதான் என்பதால் நானும் கொஞ்சம் எழுதுகிறேன்.

நீட் தேர்வு நாடு முழுவதும் ஒரே நாளில், ஒரே வேளையில் நடக்கிறது. ஆகவே அங்கே சமன்படுத்துதல் கிடையாது; 720-க்கு எடுத்த மதிப்பெண்ணை வைத்தே தரவரிசை. பெர்சன்டைல் அங்கே தகுதிக் கோடாக மட்டும் பயன்படுகிறது. பொதுப் பிரிவினருக்கு 50 பெர்சன்டைல் வேண்டும் என்றவுடன், 720-இல் பாதியான 360 எடுக்க வேண்டும் என்று எண்ணிக் கலங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். 2023-இல் அந்தக் கோடு 137 மதிப்பெண்ணில் விழுந்தது. 2024-இல் 162-இல் விழுந்தது. எழுதியவர்களில் பாதிப் பேர் எந்த மதிப்பெண்ணில் முடிகிறார்களோ அந்த இடம்தான் 50 பெர்சன்டைல். தகுதி பெறுவது வேறு, அரசுக் கல்லூரியில் இடம் கிடைப்பது வேறு என்பதும் இதிலிருந்தே விளங்கும்.

2024 நீட் முடிவுகளின்போது 718, 719 என்ற மதிப்பெண்களைப் பார்த்தவுடனே மாணவர்கள் ஏதோ சரியில்லை என்று கண்டுபிடித்தார்கள். அதைக் கண்டு எனக்கு மெய்யாகவே பெருமையாக இருந்தது. 180 வினாவும் சரி என்றால் 720. ஒன்றை விட்டுவிட்டால் 716. ஒன்று தவறானால் 715. இடையில் வேறு எண் வர வழியே இல்லை. தேர்வு மையத்தில் நேரத்தை இழந்த 1,563 பேருக்கு ஈடாகக் கூடுதல் மதிப்பெண் தரப்பட்டிருந்தது என்பது அதன் பிறகே எல்லோருக்கும் தெரிந்தது. அது திரும்பப் பெறப்பட்டு, ஜூன் 23-ஆம் நாள் அவர்களுக்கு மறுதேர்வு நடந்தது. தொடர்ந்து ஓர் இயற்பியல் வினாவுக்கு ஒரே விடைதான் சரி என்று உச்ச நீதிமன்றத்தில் முடிவானபோது, முழு மதிப்பெண் பெற்றவர்கள் 61-லிருந்து 17 ஆகக் குறைந்தார்கள். மதிப்பெண் கணக்கை மாணவர்களே அறிந்திருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்கு வந்தால் கணக்கே வேறு. ஜேஇஇ பெர்சன்டைலுக்கு அங்கே இடமில்லை. 1984 முதல் நம் மாநிலத்தில் தனி நுழைவுத் தேர்வு இருந்தபோது பிளஸ் டூ மதிப்பெண்ணிலிருந்து 200, நுழைவுத் தேர்விலிருந்து 100 என்று 300-க்குக் கட்-ஆஃப் போட்டோம். 2007-08 கல்வியாண்டு முதல் அந்தத் தேர்வு நீக்கப்பட்டுவிட்டது. இப்போது கணித மதிப்பெண் முழுதாக, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி, மொத்தம் 200. கணிதத்தில் 96, இயற்பியலில் 92, வேதியியலில் 89 என்றால் 96, 46, 44.5 ஆகியவற்றைக் கூட்டி 186.5. பாடத்துக்கு 200 மதிப்பெண் இருந்த காலத்தில் கணிதத்தை இரண்டாலும் மற்ற இரண்டையும் நான்காலும் வகுத்துப் பழகிய கை என்பதால், புதிய முறை வந்த முதல் ஆண்டில் கரும்பலகையில் நான் ஓரிரு முறை நான்கால் வகுத்து, பிள்ளைகள் திருத்தியிருக்கிறார்கள்.

வேறு வாரியத்தில் படித்தவர்களுக்கு அங்கேயும் ஒரு சமன்படுத்துதல் உண்டு. ஆனால் அது பெர்சன்டைல் முறை அன்று. மாநில வாரியத்தில் ஒரு பாடத்தின் உச்ச மதிப்பெண் 100, மற்றொரு வாரியத்தில் அதே பாடத்தின் உச்சம் 95 என்றால், அந்த 95-ஐ 100-க்கு இணையாக வைப்பார்கள். அந்த வாரியத்தில் 76 எடுத்தவருக்கு 80 என்று கொள்வார்கள். உச்சியை மட்டும் நேர்ப்படுத்தி, மற்றவர்களை அதே விகிதத்தில் உயர்த்தும் முறை இது. நடுவில் இருப்பவர்கள் எப்படிப் பரவியிருக்கிறார்கள் என்பதை இது பார்ப்பதில்லை. அந்த அளவில் பெர்சன்டைல் முறையே நுட்பமானது என்பது என் கருத்து.

உங்கள் மகள் திருச்சி என்ஐடி (தேசியத் தொழில்நுட்பக் கழகம்) போன்ற இடங்களை எண்ணினால், பிளஸ் டூவையும் விட்டுவிடக் கூடாது. ஜேஇஇ ரேங்க் இருந்தாலும், பிளஸ் டூவில் 75 சதவீதம், அல்லது அந்த வாரியத்தில் முதல் 20 பெர்சன்டைலுக்குள் இருப்பது அங்கே சேர்வதற்கான நிபந்தனை. பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் அது 65 சதவீதம். என்ஐடியில் பாதி இடங்கள் சொந்த மாநில மாணவர்களுக்கு என்பதால், அகில இந்திய ரேங்கை மட்டும் பார்த்து மனம் தளர வேண்டாம்.

பதில் 6
பதிந்தவர்: மாணவியின் தந்தை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மாணவத் தம்பி சொன்னபடி நேற்றிரவு அடையாள எண்களைக் கடைசி இலக்கம் வரை ஒப்பிட்டோம். வேதியியலில் ஒரு வினாவைச் சரி என்று எண்ணியிருந்தோம், அது தவறு. ஆகவே 148 அன்று, 143. அப்படியானால் அவளுக்கும் தோழிக்கும் இடைவெளி ஒன்பது அன்று, நான்குதான். அந்த ஐந்து மதிப்பெண்ணுக்காக வேதியியல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போய்விட்டாள்.

கடைசியாக ஒன்று. ஏப்ரல் அமர்வில் பெர்சன்டைல் குறைந்துவிட்டால் ஜனவரியில் வாங்கியதும் போய்விடுமா, அல்லது இரண்டுக்கும் சராசரி எடுப்பார்களா என்று அஞ்சுகிறாள்.

பதில் 7
பதிந்தவர்: புள்ளியியல் ஆசிரியை

சராசரி எடுக்க மாட்டார்கள், ஐயா. இரண்டு அமர்வுகளிலும் எழுதியவருக்கு, இரண்டு மொத்தப் பெர்சன்டைல்களில் எது கூடுதலோ அதை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைக் கொண்டே இறுதித் தரவரிசை வெளியிடுவார்கள். 96.84 அவள் கையில் இருக்கிறது. ஏப்ரலில் எது வந்தாலும் அது கீழே இறங்காது. அஞ்சாமல் எழுதச் சொல்லுங்கள்.